சித்திரமும் சந்தையும்: ஜாமினி ராயின் வாழ்க்கை தரும் படிப்பினை

கிராமக் கைத்தொழில்களைப் பற்றிப் பேசும்பொழுது நெசவும், மண்பாண்டமும், பாய் முடைதலுமே நம் நினைவுக்கு முதலில் வருகின்றன. சித்திரம் எழுதுவதும் ஒரு தொழில்தான். அதனைச் செய்பவரும் தம் கைப்பொருளை விற்றே அடுப்பெரிக்க வேண்டும் என்பதை நாம் எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை. அறுபது ஆண்டுகள் அளவுக்குச் சித்திரம் எழுதி, அதனை விற்றே குடும்பம் நடத்திய ஒரு பெரியவரின் வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றோம். அவர் வங்காளத்துச் சித்திரக்காரர் ஜாமினி ராய். கைவினைப் பொருளைச் செய்வோரும், வாங்குவோரும், ஊராட்சிப் பொறுப்பில் இருப்போரும் அவர் வாழ்விலிருந்து அறிந்துகொள்ளத் தக்கவை பல உண்டு.

கிராமத்துப் பிறப்பு

ஜாமினி ராய் 1887-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்தில் பேலியாதோர் என்னும் கிராமத்தில் பிறந்தார். செம்மண் பூமி அது. சுட்ட மண் குதிரைகளுக்குப் பெயர் பெற்ற பாஞ்ச்முரா கிராமமும், செங்கற் கோயில்களில் சுட்ட மண் சிற்பங்கள் நிறைந்த விஷ்ணுபுரமும் அம்மாவட்டத்திலேயே இருக்கின்றன. துணிச் சுருள்களில் கதைகளை எழுதி, அவற்றைப் பாட்டாகப் பாடிக் காட்டிப் பிழைக்கும் ‘பட்டுவா’ என்னும் சித்திரக்காரரும் வங்கக் கிராமங்களில் வாழ்ந்து வந்தனர்.

பதினாறாம் வயதில் அவர் கல்கத்தா அரசினர் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஐரோப்பிய முறையில் எண்ணெய் வண்ணம் தீட்டும் பயிற்சி பெற்றார். படிப்பு முடிந்த பின் செல்வர்களின் உருவப் படங்களை எழுதிக் கொடுத்துப் பொருள் ஈட்டினார். கைத்திறனில் குறை இல்லை, கேட்போரும் இருந்தனர். ஆயினும் அவ்வேலையில் அவருக்கு மனநிறைவு ஏற்படவில்லை.

பாதை மாறிய காலம்

1920-களின் நடுப்பகுதியில் அவர் கிராமத்துச் சித்திரங்களின் பக்கம் திரும்பினார். கல்கத்தாவின் காளிகாட்டுக் கோயிலருகே, கிராமங்களிலிருந்து வந்து குடியேறிய பட்டுவாக்கள் யாத்திரிகர்களுக்காகக் குறைந்த விலையில் படங்கள் எழுதி விற்று வந்தனர். சில கோடுகளிலேயே ஓர் உருவத்தை முடித்துவிடும் வேகம் அவர்களுடையது. ஆனால் அதனினும் மலிவான அச்சுப் படங்கள் கடைகளில் குவிந்தபோது அவர்களுடைய வாணிபம் நசிந்தது. இயந்திரத்தோடு விலையில் போட்டியிட அவர்களால் இயலவில்லை. இங்ஙனம் அழிந்துகொண்டிருந்த ஒரு கலையைத்தான் ஜாமினி ராய் தமக்கு ஆசானாகக் கொண்டார். கிராமத்துப் படங்களைத் தேடிச் சேர்த்தார். அவற்றின் தடித்த கோட்டையும், நிழல் காட்டாத தட்டையான வண்ணத்தையும் திரும்பத் திரும்ப எழுதிப் பயின்றார். நிலையான வருவாய் தந்த உருவப்பட வேலையைக் கைவிட்டமையால் சில ஆண்டுகள் குடும்பம் வறுமையில் வாடியது.

அருகில் கிடைத்த பொருள்கள்

வெளிநாட்டு வண்ணங்களையும் சீலைகளையும் அவர் படிப்படியாக நீக்கினார். காவி மண், சுண்ணம், அவுரி நீலம், சிந்தூரம், விளக்குப் புகைக்கரி முதலியவற்றால் வண்ணங்கள் தயாராயின. அவற்றைப் பிடித்து நிறுத்தப் புளியங்கொட்டைப் பசை பயன்பட்டது. துணியும் மரப்பலகையும் சுண்ணாம்பு பூசிய பாயும் படம் எழுதும் தளங்களாயின.

இதில் ஒரு பொருளாதார உண்மை அடங்கியிருக்கின்றது. மூலப்பொருளுக்குச் செலவு குறைந்தால், உழைப்புக்கு உரிய கூலியை விடாமலே விலையைக் குறைக்க முடியும். உழவர்கள் இதனை நன்கு அறிவார்கள். தொழுஉரம் வீட்டிலேயே கிடைக்கும் குடியானவனுக்கும், யாவற்றையும் கடையிலே வாங்குபவனுக்கும் உள்ள வேறுபாடு போன்றதே இது.

வீடே பட்டறை

பட்டுவாக்களின் குடும்பங்களில் தொழில் எல்லோருக்கும் பொதுவானது. ஜாமினி ராயும் தம் வீட்டை அத்தகைய பட்டறையாக்கினார். மகனும் பிறரும் உடனிருந்து உதவினர். ஒரே படம் பல பிரதிகளாக எழுதப்பட்டுக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டது. நடுத்தரக் குடும்பத்தினரும் தம் வீட்டுச் சுவருக்கு ஒரு படம் வாங்க முடிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கல்கத்தாவில் தங்கியிருந்த பிரிட்டிஷ், அமெரிக்கப் படையினரும் அவருடைய படங்களை விரும்பி வாங்கினர்.

ஒரே உருவத்தைப் பலமுறை எழுதி விற்பது கலைக்கு அழகன்று என்று சிலர் குறை கூறினர். சித்திரம் செல்வர் மாளிகைக்கு மட்டும் உரியதாக இருத்தலாகாது என்பதே அவருடைய கருத்து. குயவர் ஒரே பானையை நூறு முறை வனைகின்றார். அதனால் பானையின் தரம் குறைவதில்லை என்பதை நாம் எண்ணிப் பார்த்தால் அவர் செய்கை விளங்கும்.

புகழும் அதன் விளைவும்

1946-இல் லண்டனிலும், 1953-இல் நியூயார்க்கிலும் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1954-இல் இந்திய அரசு பத்ம பூஷண் விருது வழங்கியது. 1972 ஏப்ரல் 24-ஆம் நாள், தம் 85-ஆம் வயதில் அவர் மறைந்தார். 1976-இல் அவருடைய படைப்புகள் தேசியக் கலைச் செல்வம் என அறிவிக்கப்பட்டன; அவற்றை நாட்டை விட்டு வெளியே ஏற்றுமதி செய்வதற்குத் தடை உண்டு.

குறைந்த விலைக்கு அவர் கொடுத்த படங்கள் இன்று ஏலங்களில் பல இலட்சம் ரூபாய் பெறுகின்றன. போலிப் படங்களும் மலிந்துவிட்டன. பட்டறையில் பலர் கைபட்டு உருவானவை ஆதலின் உண்மைப் படத்தைப் பிரித்தறிவதும் எளிதன்று. விலை ஏறியதன் பயன் பிற்காலத்தில் விற்றோருக்கே சென்றது.

இன்னொன்றையும் நாம் மறத்தல் ஆகாது. எந்தப் பட்டுவாக்களின் கோட்டை அவர் பயின்றாரோ, அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. நகரத்தில் பயின்ற ஒருவரின் வாயிலாகவே கிராமக் கலைக்கு மதிப்புக் கிடைத்தது. அந்நிலை இப்போது சிறிது மாறியிருக்கின்றது. மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்து நயா கிராமத்தில் பட்டுவாக் குடும்பங்கள் தம் சுருட்படங்களைத் தம் வீட்டு வாயிலிலேயே விற்கின்றன. படம் எழுதியவரே வாங்குவோரோடு நேரில் பேசி விலை சொல்லுகின்றார். வங்காளப் பட்டச் சித்திரத்துக்கு 2018-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நாம் செய்யக்கூடியவை

ஒவ்வோர் ஊரிலும் மண்ணாலோ, மரத்தாலோ, நூலாலோ அழகு படைக்கும் சிலர் இருப்பர். ஊராட்சி அவர்களுக்குப் பெரும் பொருளுதவி அளிக்க இயலாமற் போகலாம். ஆயினும் வாரச் சந்தையிலும் திருவிழாவிலும் அவர்கள் அமர்ந்து விற்க ஓர் இடம் ஒதுக்கலாம். மண்ணும் மூங்கிலும் போன்ற மூலப்பொருள்கள் விதிப்படி தடையின்றிக் கிடைக்க வழிசெய்யலாம். பள்ளிச் சுவருக்கும் பொதுக் கட்டிடத்துக்கும் வேண்டிய வேலையை உள்ளூர்க் கலைஞரிடம் ஒப்படைத்து, பேசிய கூலியைக் காலந்தாழ்த்தாது கொடுக்கலாம். செய்த பொருளில் செய்தவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதும்படி சொல்லலாம்.

ஜாமினி ராய் விலையைக் குறைத்து, வாங்குவோரைப் பெருக்கி, தம் தொழிலால் வாழ்ந்தார். பெயர் தெரியாத பட்டுவாக்களுக்கு அவ்வாய்ப்பு அமையவில்லை. நம் ஊரில் வாழும் கலைஞர்கள் இவ்விருவருள் எவருடைய நிலையை அடைவார்கள் என்பது, அவர்கள் வாழும் காலத்திலேயே நாம் அவர்களிடம் வாங்கும் பொருளையும், கொடுக்கும் விலையையும் பொறுத்தது.