ஒரு லட்சம் பறவைகளை எப்படி எண்ணுவாங்க? பாங் அணை கணக்கெடுப்பு

இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில், பியாஸ் ஆற்றின் குறுக்கே இருக்கிறது பாங் அணை. குளிர்காலத்தில் இங்கே வரும் நீர்ப்பறவைகள் சில ஆண்டுகளில் ஒரு லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொன்றா எண்ண முடியுமா? முடியாது.

நீர்த்தேக்கத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரே நேரத்தில் குழுக்கள் இறங்கும். இங்கிருந்து பறந்த கூட்டம் அங்கே மறுபடியும் கணக்கில் சேரக் கூடாதே! பெரிய கூட்டமென்றால், முதலில் 100 பறவைகளை எண்ணி, அதேபோல எத்தனை நூறு தேறும் என்று பார்ப்பாங்க. பாதியில் பறந்துட்டா, மறுபடி முதலில் இருந்து!

2021 ஜனவரியில் பறவைக் காய்ச்சலால் இங்கே ஆயிரக்கணக்கான பறவைகள் செத்தன. பெரும்பாலும் வரித்தலை வாத்துகள்; நம்ம கூந்தன்குளத்துக்கும் வரும் அதே இனம்தான். செத்ததை எண்ணிட்டாங்க, மிச்சம் எவ்வளவு? அதன்பிறகு எடுத்த கணக்கில்தான், ஒரு லட்சத்துக்கும் மேல் பறவைகள் இருப்பது தெரிந்தது.