மட்டக்களப்பு ஓர்கிட்டை வீட்டில் வளர்த்தல்

வளவிலுள்ள மரக்கிளைகளைப் பற்றி வளரும் ஓர்கிட் செடியைக் குருவிச்சையெனக் கருதி வெட்டியெறிவோர் உளர். இது தவறாகும். குருவிச்சை தன் உறிஞ்சிகளைக் கிளையினுட் செலுத்தி, மரத்தின் நீரையும் உப்புக்களையும் கவரும் ஒட்டுண்ணி. ஓர்கிட்டோ பட்டையின் மேற்புறத்தை மாத்திரம் பற்றிநிற்கும் மேலொட்டி. மழைநீரும் பட்டையிற் படியும் உக்கலுமே அதன் உணவு. மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை.

இவ்வினத்துள் உலர்வலயத்துக்கு உரிய அழகிய செடி மட்டக்களப்பு ஓர்கிட் ஆகும். ரிங்கோஸ்ரைலிஸ் ரெற்றூசா என்பது இதன் தாவரவியற் பெயர். வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்து, ஊதாப் புள்ளியிட்ட சிறு பூக்கள் நெருங்கிய கொத்தாகத் தொங்குவதால், நரிவால் ஓர்கிட் எனவும் அழைப்பர்.

நெல்லுக்குத் தேங்கிய நீரும் கத்தரிக்கு மண்ணும் உதவும். இச்செடிக்கு அவ்விரண்டும் ஆகா. இதன் வேரைச் சூழ்ந்துள்ள பஞ்சு போன்ற உறை மழைநீரை விரைவில் உறிஞ்சிப் பின்னர் காற்றில் உலரும். நனைந்த வேர் பசுமையாகவும் உலர்ந்த வேர் வெண்மையாகவும் தோன்றும். எந்நேரமும் ஈரமாயிருக்கும் வேர் அழுகிவிடும்.

ஆதலின் செடியை மரக்கிளையிலோ கட்டையிலோ மென்கயிற்றாற் கட்டுதல் நன்று. மரச்சட்டக் கூடையாயின் கரித்துண்டும் உடைந்த ஓட்டுத்துண்டும் இட்டால் போதும், மண் இடலாகாது. காலை வெயிலும் நண்பகல் நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் தொங்கவிடல் வேண்டும். கடும்பச்சை இலையுடன் பூவாதிருப்பின் ஒளி போதாதென அறியலாம்.

கச்சான் வீசும் காலத்தில் நாள்தோறும் காலையில் வேரை நனைத்தல் வேண்டும். மாரியில் மழை இடைவிடாது பெய்யின், கூடையைத் தாழ்வாரத்துக்கு மாற்றுக. குருத்தில் நீர் இரவில் தங்கினால் அழுகல் உண்டாகும். செடி வளரும் காலத்தில், நீரிற் கரையும் பசளையை வழக்கமான அளவின் நாலிலொரு பங்காகக் கரைத்து, இரு வாரத்துக்கொரு முறை தெளித்தால் போதும். வேர்நுனியைத் தின்னும் நத்தைகளை இரவிற் பொறுக்கியகற்றுக. செதிற்பூச்சியைச் சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்தெடுக்கலாம்.

தூள்போன்ற இதன் விதையிற் சேமித்த உணவு இல்லை. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சணத்தின் துணையாலேயே அது முளைக்கும். 1922 இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்க அறிஞர், வெல்லமும் உப்புக்களும் சேர்ந்த ஊடகத்தில் ஓர்கிட் விதைகளைப் பூஞ்சணமின்றி முளைப்பிக்கும் முறையை வெளியிட்டார். அம்முறையால் நாற்றுமேடைகளில் வளர்த்த கன்றுகளையே வாங்குதல் தகும். காட்டிலிருந்து பெயர்த்தல் கூடாது. ஒற்றைத் தண்டாய் வளரும் இச்செடி மெல்லவே பெருகுவதால், பெயர்த்த இடத்தில் மற்றொன்று தோன்றப் பல்லாண்டு செல்லும்.

மரத்திற் கத்தி வைக்குமுன் பற்றிய இடத்தை நோக்குக. கிளையோடு கலந்து புடைத்திருப்பின் குருவிச்சை, அதனை வெட்டலாம். வெண்ணிற வேர்களாற் பட்டையைத் தழுவி நிற்பின் ஓர்கிட், அதனை வாழவிடுக.