பழைய நோயும் பயணக் காப்பீடும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடி மலைக்குச் செல்வோர் வித்துராவைக் கடந்தே செல்லவேண்டும். மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஆதலின் தலைசுற்றல் உள்ளவர்கள் வித்துராவிலேயே ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஒரே நாளில் போய்த் திரும்பும் பயணத்துக்கே இத்தனை முன்னேற்பாடு செய்கிறோம். ஆனால் அதே வித்துராவிலிருந்து வளைகுடா நாட்டிலோ அமெரிக்காவிலோ உள்ள மகளைக் காணப் புறப்படும் பெற்றோர், பெட்டியில் ஊறுகாயும் வற்றலும் ஏறினவா என்று பார்ப்பதுபோல், பயணக் காப்பீட்டுப் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது அரிது.

அறுபது வயதைத் தாண்டியவர்களில் பலருக்குச் சர்க்கரை வியாதியோ இரத்தக் கொதிப்போ இருக்கும். விண்ணப்பப் படிவத்தில் அதனைப் பற்றிய வினா வரும்போது கை தயங்குகிறது. உண்மையை எழுதினால் பாலிசி மறுக்கப்படுமோ, பிரீமியம் ஏறிவிடுமோ என்ற அச்சம். "இல்லை என்றே எழுதிவிடலாம்" என்று யோசனை கூறும் நண்பர்களுக்கும் குறைவில்லை. அந்த "இல்லை" என்னும் ஒரு சொல்லின் விலை யாது என்பதை இரண்டு வழக்குகளால் அறியலாம்.

நீண்ட காலமாகச் சர்க்கரை வியாதியும், அதனால் சிறுநீரகக் கோளாறும் உற்றிருந்த ஒருவர், அவற்றைக் கூறாமல் உள்நாட்டு மருத்துவக் காப்பீடு ஒன்று எடுத்தார். அவர் காலமானபின் குடும்பத்தார் பணம் கோரினர். 2009 ஜூலையில் உச்ச நீதிமன்றம் காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்பு சரியே என்று தீர்ப்பளித்தது. காப்பீட்டு ஒப்பந்தம் இரு தரப்பாரின் முழு நம்பிக்கையின்மேல் நிற்பது; நோயை அறிந்தவர் நோயாளியே; ஆகவே சொல்லவேண்டிய கடமையும் அவருடையதே.

மற்றொன்று வெளிநாட்டுப் பயணக் காப்பீடே. அதே 2009 மே மாதம், உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக அமெரிக்கா சென்ற ஒருவருக்கு, சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்திலேயே மாரடைப்பு உண்டாயிற்று. இரத்தக் குழாயில் மூன்று ஸ்டென்டுகள் பொருத்தப்பட்டன. அவர் புறப்படுமுன் மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்டவர். சர்க்கரை வியாதி உண்டென்பது ஏடுகளில் பதிவாகியிருந்தது. எனினும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை உண்டதைச் சொல்லவில்லை என்று காரணம் காட்டி நிறுவனம் பணம் தர மறுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையமும் அதனை ஏற்றுக்கொண்டது. இறுதியில், 2021 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அம்மறுப்பைத் தள்ளி, 2 இலட்சத்து 29 ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட தொகையை வட்டியுடன் தரும்படி ஆணையிட்டது. நோய் இருப்பதை அறிந்தபின் பாலிசி வழங்கிய நிறுவனம், பின்னர் அதே நோயைக் காட்டி மறுக்கலாகாது என்பது தீர்ப்பின் உட்கிடை. வென்றார் என்பது மெய்தான். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தன்றோ வென்றார்!

இதே தீர்ப்பில் இன்னொரு குறிப்பும் உண்டு. விண்ணப்பத்தில் ஒரு கட்டம் வெறுமையாக விடப்பட்டிருந்தும் பிரீமியத்தைப் பெற்றுப் பாலிசி கொடுத்துவிட்டால், பின்னாளில் "மறைத்துவிட்டார்" என்று நிறுவனம் சொல்ல இயலாது. அதற்காக நாம் கட்டங்களை வெறுமையாக விடவேண்டியதில்லை. நம் பெயரால் பிறர் நிரப்பிய படிவத்தைக் கையொப்பமிடுமுன் படித்துப் பார்த்தாலே போதும்.

நோயைச் சொல்லிவிட்டோம், இனி எல்லாச் செலவும் கிடைக்கும் என்று எண்ணுவதும் பிழை. முன்பே உள்ள நோயால் வரும் செலவைப் பல பயணப் பாலிசிகள் அடியோடு விலக்குகின்றன. வேறு சில, உயிருக்கு ஆபத்தான நெருக்கடியில் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள், கொடுக்கின்றன. இந்த வரம்பைத்தான் முதலில் கேட்கவேண்டும். உள்நாட்டு மருத்துவக் காப்பீட்டில் பழைய நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதத்தை மீறலாகாது என்று ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் விதித்தது; ஒரு மாதப் பயணத்துக்கு அச்சலுகையால் பயன் ஏது? ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ காப்பீடு கட்டாயம் என்பதால், மலிவான பாலிசி ஒன்றை வாங்கி நிறைவடைவோரும் உளர். அது விசாவுக்குப் போதும். பழைய இருதய நோய் மீண்டும் தலைதூக்கினால் அப்பாலிசி பணம் தருமா என்பது வேறு வினா.

புறப்படுமுன், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் நோயின் பெயர், மாத்திரைகளின் வேதிப் பெயர், அளவு ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்க. அச்சீட்டின் பிரதி ஒன்றை விண்ணப்பத்துடன் இணைத்து, மற்றொன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்வது நலம். பாலிசியில் உள்ள அவசரத் தொலைபேசி எண்ணை உடன் வருபவரிடமும் கொடுத்துவைக்க வேண்டும். மயங்கி விழுந்தவரால் பேச இயலாதன்றோ?

பணம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கே எழுதுக. ஒரு மாதத்துக்குள் தக்க விடை வரவில்லையெனில், கேரளத்தார் கொச்சியிலும், தமிழ்நாட்டார் சென்னையிலும் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. 50 இலட்சம் ரூபாய் வரை ஈடளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் முறையீடு போய்ச் சேரவேண்டும்.