பெங்களூரு வீட்டில் பவளம் வளர்க்கலாமா? 'பை' பண்ணும் முன் பார்க்க வேண்டியது என்ன?

ஒக்கலிபுரத்தில் வாடகை வீடு. ஆபீஸ் முடிஞ்சு வந்தா கண்ணுக்குக் குளிர்ச்சியா ஏதாவது இருக்கட்டும்னு ஒரு மரைன் டேங்க் வைக்க ஆசைப்படுறீங்க. வாட்ஸ்அப்பில் கடைக்காரர் போட்டோ அனுப்புகிறார்: நீல வெளிச்சத்தில் பச்சையாக மின்னும் ஒரு 'டார்ச்'. "இம்போர்ட் பீஸ் சார், பிரச்னையே இல்ல" என்கிறார்.

பணம் அனுப்பும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: அது கல் பவளமா? ஆம் என்றால், இந்தியச் சட்டத்தில் அது புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் இருக்கிறது.

கல் பவளம் என்றால் என்ன?

பவளம் செடி அல்ல, கல்லும் அல்ல. பாலிப் எனும் குட்டி விலங்குகளின் கூட்டம். கல் பவளங்கள் கடல்நீரில் உள்ள கால்சியத்தை எடுத்துச் சுண்ணாம்புக் கூடு கட்டும். அவற்றின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் பெரும்பங்கு உணவைத் தருகிறது. நிறத்திலும் அதற்குப் பங்குண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* அடிப்பகுதியைப் பாருங்கள். கெட்டியான வெள்ளைக் கூடும், அதில் கிண்ணம் போன்ற குழிகளும், குழிக்குள் மெல்லிய தடுப்புகளும் இருந்தால் கல் பவளம்.
* உணர்கொம்புகளை எண்ணுங்கள். கல் பவளத்தில் பொதுவாக ஆறின் மடங்கு. மென் பவளத்தில் எட்டு, ஓரத்தில் இறகு போலப் பிசிறு இருக்கும்.
* கடைப் பெயரைக் கவனியுங்கள். 'எஸ்.பி.எஸ்', 'எல்.பி.எஸ்' இரண்டிலும் கடைசி 'எஸ்' ஸ்டோனி, அதாவது கல். அக்ரோபோரா, மான்டிபோரா, கோனியோபோரா, ஹாம்மர், டார்ச் எல்லாமே இந்த வகைதான்.

டார்ச் விரிந்திருக்கும்போது கடல் சாமந்தி மாதிரி மெத்தென்று தெரியும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் 2001-ஆம் ஆண்டு எல்லாக் கல் பவளங்களும் சேர்க்கப்பட்டன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, ஆர்கன் பைப் பவளம் ஆகியவையும் உண்டு. அதனால் 'சாஃப்ட்' என்ற பெயர் மட்டும் போதாது. முதல் அட்டவணைக் குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். ஷோகேஸில் வைக்கும் செத்த வெள்ளைப் பவளமும் சிக்கல்தான்.

'இம்போர்ட்' என்றால்? அட்டவணை இனத்தைச் சொல்கிறது, எந்த நாட்டுக் கடல் என்று பிரிக்கவில்லை. உலகளவிலும் கல் பவள வணிகத்துக்கு சைட்டிஸ் ஒப்பந்தப்படி அனுமதிச் சீட்டு தேவை. கடைக்காரரின் வாய்வார்த்தையை நம்பாமல் வனத்துறையிடம் எழுத்தில் கேளுங்கள். கர்நாடக வனத்துறைத் தலைமையகம் மல்லேஸ்வரம் அரண்ய பவனில்தான் இருக்கிறது.

இவ்வளவு கெடுபிடி ஏன்?

பதில் நம்ம தூத்துக்குடியில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளப்பாறை வெட்டி எடுக்கப்பட்டது. அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்த சுவரை எடுத்தால் தீவு எப்படி நிற்கும்?

வளர்ப்பது அவ்வளவு கஷ்டமா?

கல் பவளத்துக்கு வெப்பம் 24–26 டிகிரி, உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம், கால்சியம் லிட்டருக்கு 400–450 மில்லிகிராம், காரத்தன்மை 8–11 டி.கே.எச் வேண்டும். கூடு வளர வளர கால்சியமும் காரமும் குறையும். அளந்து அளந்து சேர்க்கணும். போர்வெல் தண்ணீர் ஆகாது, ஆர்.ஓ. செய்து அயனியும் நீக்கிய நீர்தான். வெப்பம் கூடினால் பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாவிலேயே இது நடந்தது. மூணு மணி நேர பவர்கட்டில் சின்ன டேங்கில் என்ன ஆகும்னு யோசிங்க.

அப்போ என்ன செய்யலாம்?

முதலில் மீன் மட்டும் உள்ள டேங்க், செயற்கைப் பாறையோடு. பட்டியலில் இல்லாத லெதர், மஷ்ரூம், சோயாந்தஸ் வகைகள் வேண்டுமென்றால், எங்கிருந்து வந்தது என்று காட்டும் பில்லோடு வாங்குங்கள். சோயாந்தஸில் பாலிடாக்சின் எனும் கடும் நஞ்சு இருக்கலாம். கையுறை, கண்ணாடி கட்டாயம். அது ஒட்டிய பாறையைக் கொதிக்க வைக்கவே கூடாது.

ஏற்கெனவே வீட்டில் கல் பவளம் இருக்கிறதா? விற்காதீர்கள், நண்பருக்குக் கொடுக்காதீர்கள், ஏரியிலோ கடலிலோ விடாதீர்கள். வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, நீங்களே வனத்துறையை அணுகுங்கள்.

கல் பவளத்தைப் பார்த்தே ஆகணுமா? ராமநாதபுரத்துக்கு ரயில் ஏறுங்க. அங்கிருந்து ஏர்வாடி பக்கம். வனத்துறை அனுமதிக்கும் இடத்தில் படகில் போய்ப் பார்க்கலாம்.