அப்பாவின் பெயரோடு ஒரு வில்லுக்கத்தி: பெயர் பொறிக்கக் கத்தி வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

பெரியகல்லாற்றில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தகப்பன் 1990இல் வீட்டை விட்டுப் போனவர், திரும்பி வரவில்லை. அவர் வீட்டில் விட்டுப்போன வில்லுக்கத்தியை மூத்த மகன் வைத்திருந்தார். அதையும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோய்விட்டது. மூத்தவர் இன்றும் வாவியில் மீன்பிடிக்கிறார். இளையவர் சுவிஸில் இருக்கிறார். அடுத்த விடுமுறைக்கு வரும்போது, அப்பாவின் பெயர் பொறித்த கத்தி ஒன்றை அண்ணனுக்குக் கொண்டுவர இளையவருக்கு ஆசை. எந்தக் கத்தி வாங்கலாம், பெயரை எங்கே பொறிக்கலாம், என்ன எழுதலாம் என்று என்னிடம் கேட்டிருந்தார். இதே எண்ணத்தோடு இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உப்பைப் பாருங்கள்

பெரியகல்லாறு ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் ஊர். காற்றிலும் உப்பு, தண்ணீரிலும் உப்பு. 'துருப்பிடிக்காத உருக்கு' என்று எழுதியிருந்தாலும் அதை முழுதாக நம்ப முடியாது. அந்த உருக்கில் இருக்கும் குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படிந்து காவல் நிற்கிறது. உப்பு நீர் காயாமல் தங்கினால் அந்தப் படலமும் மெல்ல மெல்ல உடையும். காபன் உருக்குக் கத்தி நன்றாக வெட்டும், ஆனால் தோணியில் ஓரிரு நாளிலேயே துரு ஏறிவிடும்.

பிரான்சின் ஒப்பினெல் கத்தி விலை குறைந்தது, நல்லது. 1890 முதல் செய்யப்படுகிறது. ஆனால் அதன் பிடி மரம். ஈரத்தில் மரம் ஊதினால் அலகை வெளியே இழுக்கவே சிரமப்பட வேண்டியிருக்கும். அடுக்களைக்கும் தோட்டத்துக்கும் வாங்கலாம், வாவிக்குப் பொருந்தாது.

சுவிஸில் இருப்பவருக்குக் கையெட்டும் தூரத்தில் இருப்பது விக்டோரினொக்ஸ். 1884இல் இபாக் என்ற ஊரில் தொடங்கிய இந்த நிறுவனம் 1891 முதல் சுவிஸ் இராணுவத்துக்குக் கத்தி கொடுத்து வருகிறது. அதன் அலகு ரொக்வெல் அளவில் ஏறத்தாழ 56 கடினம் உடையது. கடைக்காரர் 60க்கு மேற்பட்ட, அதிக விலையுள்ள கத்தியைக் காட்டக்கூடும். அதன் கூர் நீண்ட நாள் நிற்கும். ஆனால் மழுங்கிவிட்டால் ஊரில் இருக்கும் சாணைக்கல்லில் இலகுவாகத் தீட்ட முடியாது. தீட்ட முடியாத கத்தி அலுமாரியில்தான் கிடக்கும்.

வாங்குமுன் கையில் எடுத்துப் பாருங்கள். விரித்த அலகு பக்கவாட்டில் ஆடக்கூடாது. மடித்தால் நடுவில், பிடியில் உரசாமல் இருக்க வேண்டும். திறக்கும்போதும் மூடும்போதும் வில்லின் இறுக்கம் கைக்குத் தெரிய வேண்டும். போலிகள் நிறைய உண்டு, ஆகவே அலகின் அடியில் நிறுவனத்தின் பெயர் தெளிவாக அடிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெயரை அலகில் வெட்டாதீர்கள்

பலரும் பெயரை அலகில் பொறிக்கவே விரும்புகிறார்கள். பளபளப்பாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் லேசர் சூடு உருக்கின் காவல் படலத்தைக் கெடுக்கிறது. ஊசியால் கீறினால் கீறலுக்குள் உப்பு தங்குகிறது. இரண்டிலும் முதலில் துருப்பிடிக்கும் இடம் அந்த எழுத்துகளே. தீட்டும்போது அலகு தேயும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிடியில் பொறிப்பதே நல்லது. சிவப்புப் பிளாஸ்டிக் பிடியில் பொறித்து நிறம் நிரப்பினால், கைபட்டு நாளடைவில் நிறம் உதிரலாம். அலுமினியப் பிடி பாதுகாப்பானது. 'அலொக்ஸ்' என்று கேட்டு வாங்குங்கள். 93 மில்லிமீற்றர் நீளமான 'பயனியர்' வகையில் பெயர் பொறிப்பதற்கென்றே வெறுமையான ஒரு சிறு இடம் விடப்பட்டிருக்கிறது. மேற்பூச்சை மட்டும் எரிக்காமல் சற்று ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். உப்பில் அலுமினியம் வெளிறினாலும் பள்ளம் இருக்கும்வரை பெயரை வாசிக்கலாம், விரலால் தடவியும் அறியலாம்.

தமிழ் எழுத்து உடையாமல்

வெளிநாட்டுக் கடைகளில் அதிகம் தவறுவது இங்கேதான். பெயரைத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பினால், தமிழை ஒழுங்காகக் கையாளாத மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறும், புள்ளி தனியே நிற்கும். பாமினி எழுத்துருவில் அனுப்பினால் கடைக்காரரின் கணினியில் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தமிழ் தெரியாத அவர் அதை அப்படியே வெட்டியும் விடுவார். வெட்டிய பிறகு அழிக்க முடியாது. எனவே பெயரைப் படமாகவோ, எழுத்துகளை வெளிக்கோடாக மாற்றிய பிடிஎப் கோப்பாகவோ கொடுங்கள். வெட்டுமுன் மாதிரியைக் காட்டச் சொல்லி எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் சிறிய அளவில் அடைபட்டுவிடும். அதனால் முழுப்பெயரை நெருக்கி எழுதுவதைவிட முதலெழுத்தும் பெயரும் போதும்.

பயணமும் சட்டமும்

விமானத்தில் கைப்பையில் வைத்தால் கத்தி பறிபோகும். பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள். பிரித்தானியாவில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, காரணம் காட்டாமல் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தி மட்டுமே. கனடாவில் கையை வீசினாலே திறந்துகொள்ளும் கத்தி தடைசெய்யப்பட்டது. ஈரக்கையால் வேலை செய்பவருக்கு, விரலில் மடியாத பூட்டுக் கத்தியே பாதுகாப்பு. ஆனால் அதையே லண்டன் தெருவில் சட்டைப்பையில் கொண்டுதிரிந்தால் வழக்கு வரும்.

ஊரிலும் கவனம் தேவை. தோணியில் கத்தி வைத்திருப்பது தொழில். திருவிழாக் கூட்டத்தில் இடுப்பில் இருந்தால் பொலிஸ் கேட்கும். சோதனைச் சாவடிக் காலத்தில் கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போகப் பழகிய சனத்துக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

என்ன எழுதுவது?

இளையவரின் கடைசிக் கேள்வி இதுதான். பெயருக்குக் கீழே பிறந்த ஆண்டு, பிறகு ஒரு கோடு, பிறகு 1990 என்று போடலாமா? ஊரில் தாயிடம் கேட்டேன். "அந்த வருசத்த ஏன் மகன் வெட்டணும்? அது அவர் போன வருசம். செத்த வருசம் எண்டு ஆரு சொன்ன?" என்றார்.

2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், மரணச் சான்றிதழ் இல்லாமலே ஒருவர் காணாமற்போனதைப் பதிவதற்கு வழிசெய்தது. மரணச் சான்றிதழை வாங்க மறுத்த எத்தனையோ தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். கத்தியில் வெட்டும் ஆண்டும் அவர்களுக்கு ஒரு சான்றிதழ்தான். ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள். அந்த மாதிரித் தாளில் இப்போது முதலெழுத்தும் பெயரும் மட்டுமே இருக்கின்றன. கீழே இடம் விட்டிருக்கிறார்கள்.