138 காலடியில் பிரபஞ்சத்தின் வயது

நியூயோர்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 360 அடிச் சுருள்பாதை ஒன்று, 1,300 கோடி ஆண்டுகளை நடந்து பார்க்க வைக்கிறது. அதன் முடிவில் மனித வரலாறு ஒரு தலைமயிரின் தடிப்பே.

அங்கு போக வசதிப்படாதவர்கள் பிஸ்கட்டவே ஜோன்சன் பூங்காவிலேயே பிள்ளைகளோடு இதைச் செய்து பார்க்கலாம். ஒரு காலடி இரண்டரை அடி நீளம். அது 10 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயது இன்றைய கணக்கில் 1,380 கோடி ஆண்டு. ஆகவே 138 காலடி. தமிழிலேயே எண்ணி நடவுங்கள். 92ஆவது காலடி தாண்டப் பூமி பிறக்கிறது. அங்கே ஒரு பிள்ளையை நிறுத்துங்கள். டைனோசோர்கள் அழிவது கடைசிக் காலடியில். மனித இனத்தின் 3 இலட்சம் ஆண்டு கிட்டத்தட்ட 2 மில்லிமீற்றர்தான். சங்ககாலம் முதல் இன்றுவரை ஒரு தலைமயிரிலும் மெல்லியது.

எங்கள் ஊரும் அந்த இழைக்குள்தான் இருக்கிறது. அங்கேயே நின்று, ஊர்க்கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.