ஈரலின் விறைப்பை அளப்பது எப்படி?

மருதமுனைத் தறியில் நெய்த சாரனைப் பாவு நூலின் போக்கில் இழுத்தால் அது அதிகம் கொடுக்காது. மூலைக்கு மூலை இழுத்தால் முதலில் தாராளமாக நீளும். நூல்கள் இழுக்கும் பக்கம் திரும்பி முடிந்ததும் விறைத்துக்கொள்ளும். நமது தோலும் இரத்தக் குழாயும் இந்த இரண்டாவது வகை. அவற்றுக்குள் நெளிந்து கிடக்கும் கொலாஜன் நார்கள் நிமிரும்வரை இழுப்பது இலேசு. நிமிர்ந்த பிறகு கடினம்.

இதைக் கணிதச் சூத்திரமாக்கியவர் யுவான்-செங் ஃபங். விமானச் சிறகுகளின் அதிர்வை ஆராய்ந்து பேரெடுத்தவர், 1966இல் அதை விட்டுவிட்டு உடலியக்கவியலுக்கு வந்தார். மறு ஆண்டே முயலின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை இழுத்து அளந்த முடிவுகளை வெளியிட்டார். உருக்குக் கம்பியில் விசை இரட்டித்தால் நீட்சியும் இரட்டிக்கும். சவ்விலோ, விசை ஏற ஏற விறைப்பும் கூடவே ஏறியது.

இழுக்கும் இயந்திரம் எளியதுதான்: இரண்டு கவ்விகள், விசையை அளக்க ஓர் உணரி. வில்லங்கமெல்லாம் கவ்வியில். இறுக்கினால் இழையம் நசுங்கிக் கிழியும், தளர்த்தினால் வழுக்கும். கவ்வியின் வாயில் சொரசொரப்பான தாள் ஒட்டுவார்கள், சிலர் பசை போட்டே ஒட்டிவிடுவார்கள். ஈரலை இழுப்பது இன்னும் சிரமம். பெரும்பாலும் இரண்டு தட்டுகளுக்கிடையில் வைத்து அழுத்தியோ திருகியோ பார்ப்பார்கள். துண்டு காய்ந்தால் கணக்குக் கெடும் என்பதால் உப்புக் கரைசலில், 37 பாகைச் சூட்டில் வைப்பதுண்டு. முதல் இழுப்புக்கும் இரண்டாவது இழுப்புக்கும் விடை வேறு. பலமுறை இழுத்துத் தளர்த்தி, வளைகோடு ஒரேமாதிரி வரத் தொடங்கியபின்தான் குறிப்பெடுப்பார்கள். வேகமாக இழுத்தால் விறைப்பு அதிகமாகத் தெரியும். எந்த வேகம், எந்தத் திசை, எத்தனையாவது இழுப்பு என்று சொல்லாமல் ஒற்றை எண்ணை மட்டும் அச்சிடும் அட்டவணைகளை நான் நம்புவதில்லை.

வெட்டாமலே அளக்க முடியுமா? பிரான்சில் உருவான பைப்ரோஸ்கான் கருவி விலா எலும்புகளுக்கிடையே தோலில் மெல்லத் தட்டும். அந்த அதிர்வு ஈரலுக்குள் ஓடும் வேகத்தைக் கேளா ஒலி பின்தொடரும். நல்ல ஈரலின் விறைப்பு ஏறத்தாழ 5 கிலோபாஸ்கல். அதில் அலை செக்கனுக்குச் சுமார் 1.3 மீற்றர் ஓடும். தழும்பேறி இறுகிய ஈரலில் அளவு 12 கிலோபாஸ்கலைத் தாண்டலாம், அலையும் வேகமெடுக்கும். உருக்கின் விறைப்போ 20 கோடி கிலோபாஸ்கல்!

இந்தச் சோதனைக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். சாப்பிட்டதும் ஈரலுக்குள் இரத்த ஓட்டம் கூடும். நோயே இல்லாவிட்டாலும் எண் ஏறிவிடும்.